துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா?



சென்ற மாதம் வந்த கடிதக் கட்டில் ஒரு கடிதம் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டது. பகாங்கில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். விஷயம் இதுதான்:

"ஐயா, என் மூத்த பையன் ராணுவத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. தீபாவளி லீவுக்கு வந்தவனுக்கு விரல் இடுக்கெல்லாம் ஒரே கறுப்பு. என்னடா இது என்றால், 'துப்பாக்கி சுடுவது பத்து நிமிஷம், துடைப்பது அரை நாள் அம்மா' என்கிறான். அப்படி என்னதான் துடைக்கிறார்கள்? நாங்கள் வீட்டில் அரிவாளுக்குத் தேங்காய் எண்ணெய்தான் தடவுகிறோம். துப்பாக்கிக்கு அது ஆகாதா? துடைப்பதற்கு வெள்ளைத் துணி வேறு கேட்டிருக்கிறான். அவன் அப்பாவின் வேட்டி இரண்டு பெட்டியில் இருக்கிறது. அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. எடுத்துப் பார்த்தேன், கிழிக்கக் கை வரவில்லை. கிழித்துத்தான் கொடுக்க வேண்டுமா?"

இந்தப் பக்கத்தில் தையல் மெஷினுக்கு எண்ணெய் போடுவது பற்றி எழுதியிருக்கிறேன், புல் வெட்டும் இயந்திரம் ஏன் திணறுகிறது என்று எழுதியிருக்கிறேன். துப்பாக்கியைத் தொட்டதில்லை. நம் நாட்டில் அது சாதாரண ஜனங்கள் தொடுகிற பொருளும் அல்ல. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டா வைத்திருந்தாலும் குற்றம். காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் எடுத்து வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அங்கொருவர் இங்கொருவர் உண்டு, அவ்வளவுதான். ஆனால் நம் பிள்ளைகள் ராணுவத்திலும் போலீசிலும் சேர்கிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் குடியேறிய நம் சொந்தக்காரர்களின் பையன்கள் தேசிய சேவைக்குப் போகிறார்கள். 1967-லிருந்து அங்கே அது கட்டாயம். ஆகவே இந்தக் கேள்வி ஒரு தாயாருடையது மட்டுமல்ல.

நானும் இளம் வயதில் சில வருஷம் படையில் இருந்தவன். எங்கள் கையில் கொடுத்தது எஸ்.எல்.ஆர். என்ற துப்பாக்கி. பெல்ஜியத்துக்காரர்கள் உருவாக்கிய எஃப்.என். ஃபால் என்பதை வெள்ளைக்காரர்கள் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டது. இருபது தோட்டா பிடிக்கும் பெட்டி, வெறும் துப்பாக்கியே நாலு கிலோவுக்கு மேல் கனம். அது முழு செமி ஆட்டோமேட்டிக்; விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு குண்டு. அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும். இப்போது உங்கள் பையன் கையில் இருப்பது பெரும்பாலும் எம்-4 ஆக இருக்கும். அது ஒன்றொன்றாகவும் சுடும், தொடர்ச்சியாகவும் சுடும். துடைக்கிற தர்மம் இரண்டுக்கும் ஒன்றேதான்.

அதற்கும் முந்திய கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் துப்பாக்கி துடைப்பதை முதலில் பார்த்தது படையில் அல்ல, தோட்டத்தில்தான்.

1948 முதல் 1960 வரை அவசர காலம் இருந்ததல்லவா? தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காவல் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை எடுத்தார்கள். என் தகப்பனார் அதில் ஒருவர். கையில் .303 துப்பாக்கி. அது செமி ஆட்டோமேட்டிக் அல்ல, ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைத் திருப்பி இழுத்து ஏற்ற வேண்டும். சுட்டுப் பழகிவிட்டு வருகிற நாட்களில் அம்மா தேத்தண்ணிக்கு அடுப்பில் வைத்த கெத்தலுக்கு ஆபத்து. "கொதிக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லிக் காவல் கொட்டகைக்கு நடப்பார். அங்கே ஒரு புனலைத் துப்பாக்கிக் குழலின் பின்பக்கத்தில் செருகி, கொதிநீரை மளமளவென்று ஊற்றுவார். முன்பக்கம் கறுப்பாகத் தண்ணீர் கொட்டும். பிறகுதான் துணியும் எண்ணெயும். இரும்புக்குத் தண்ணீர் எதிரி என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்க, அப்பா இப்படிச் செய்கிறாரே என்று எனக்கு ஒரே குழப்பம்.

காரணம் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. தோட்டாவின் அடியில் ஒரு சின்ன மூடி இருக்கும். ஊசி அதைக் குத்தினால்தான் நெருப்புப் பொறி கிளம்பி உள்ளே இருக்கும் மருந்து எரியும். அந்தக் காலத்து மூடியில் பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பு இருந்தது. அது எரிந்தபின் மிச்சமாவது பொட்டாசியம் குளோரைடு, கிட்டத்தட்ட நம் சமையல் உப்பின் தம்பி. மழைக்காலத்தில் உப்பு ஜாடி தானாகக் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையைத்தான் அந்த உப்பு துப்பாக்கிக் குழலுக்குள் செய்யும்; காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் வைக்கும். நம் ஊர் வெக்கையில் ஒரே இரவில் துரு விழுந்துவிடும். எண்ணெயை எவ்வளவு போட்டாலும் உப்பு அதில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதற்காகத்தான் கெத்தல். கொதிநீராக இருந்தால் குழலும் சூடேறி மிச்ச ஈரம் தானாக உலர்ந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

எங்கள் எஸ்.எல்.ஆர். தோட்டாவில் அந்த உப்பு இல்லை. இன்றைய ராணுவத் தோட்டாக்களிலும் இல்லை. ஆகவே உங்கள் பையன் கெத்தலைத் தேட வேண்டியதில்லை. பழைய ரஷ்ய எஸ்.கே.எஸ். போன்ற துப்பாக்கிகளை வைத்திருக்கிற நாடுகளில் மட்டும், மலிவாகக் கிடைக்கும் பழைய தோட்டாவைச் சுட்டுவிட்டு இன்னமும் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

உப்பு போயிற்று என்றால் பிறகு அரை நாள் எதற்கு?

செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி தன் அழுக்கைத் தானே தின்று வாழ்கிற பிராணி. குண்டைத் தள்ளுகிற அதே புகையில் கொஞ்சத்தைக் குழலில் இருக்கும் சின்னத் துளை வழியாகத் திருப்பிவிட்டு, அந்த வேகத்தில்தான் பழைய தோட்டாக் கூட்டை வெளியே எறிந்து புதிய தோட்டாவை ஏற்றுகிறது. எஸ்.எல்.ஆரில் அந்தப் புகை குழலுக்கு மேலே ஒரு தண்டைத் தள்ளும். தண்டு உள் இயந்திரத்தைப் பின்னால் தள்ளும். கரி முன்பக்கத்திலேயே தங்கிவிடும். எம்-16, எம்-4 வகையில் தண்டு இல்லை. ஒரு மெல்லிய குழாய் வழியாகப் புகை நேரே இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே வந்து ஊதுகிறது. துப்பாக்கி இலேசாகிறது, குலுக்கல் குறைகிறது. ஆனால் கரி முழுவதும் வயிற்றுக்குள். புல் வெட்டும் இயந்திரத்தில் புகை வாயில் கரி அடைத்தால் என்ன ஆகிறது? இழுத்து இழுத்துக் கை வலிக்கும், வேலை கெடும். இங்கே கெடுவது வேலை மட்டுமல்ல.

இதைச் சொல்ல 1960களின் வியட்நாம் யுத்தத்துக்குப் போக வேண்டும். பையன்கள் "இது என்ன தண்டனை வேலை" என்று முணுமுணுக்கும்போதெல்லாம் எங்கள் சார்ஜண்ட் சொன்ன கதை இது. பிறகு நானே படித்துப் பார்த்தேன், அவர் கூட்டிச் சொல்லவில்லை.

அமெரிக்கர்கள் அப்போதுதான் எம்-16 துப்பாக்கியைப் படைக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இலேசானது, புதுமையானது. இதற்குத் துடைப்பே அவ்வளவாக வேண்டாம் என்ற பேச்சு எப்படியோ பரவிவிட்டது. துடைக்கும் தண்டும் பிரஷ்ஷும் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. அதே சமயத்தில் தோட்டாவுக்குள் இருந்த மருந்தை வேறு மாற்றிவிட்டார்கள். துப்பாக்கியைச் சோதித்தபோது ஒரு மருந்து, யுத்தத்துக்கு அனுப்பியபோது வேறு மருந்து. புது மருந்து கரியை அதிகம் விட்டது, இயந்திரத்தை இன்னும் வேகமாக அடித்தது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. காட்டின் ஈரம், சேறு, நெல் வயல் தண்ணீர் எல்லாம் சேர்ந்து அந்த அறையில் துருப்புள்ளி விழுந்தது. சுட்டவுடன் பித்தளைக் கூடு விரிந்து அந்தப் புள்ளிகளில் கவ்விக்கொள்ளும். இழுக்கும் கொக்கி கூட்டின் விளிம்பை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கூடு உள்ளேயே இருக்கும், அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் இடிக்கும். எதிரி எதிரே நிற்கிறான். கையில் இருப்பது வெறும் தடி.

அதை எடுக்க ஒரே வழி, முன்பக்கத்திலிருந்து தண்டைவிட்டுக் குத்தித் தள்ளுவது. நெப்போலியன் காலத்துச் சிப்பாய் மாதிரி. தண்டு கிடைத்த பையன்கள் அதைத் துப்பாக்கியின் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். கிடைக்காதவர்கள் வீட்டுக்கு எழுதினார்கள். பிரஷ்ஷும் எண்ணெயும் வாங்கி அனுப்பச் சொல்லி அமெரிக்கத் தாய் தகப்பன்மாருக்குக் கடிதம் போயிற்று. கழற்றிய துப்பாக்கி பக்கத்தில் கிடக்க இறந்து கிடந்தவர்களைப் பற்றியும் கடிதம் போயிற்று. 1967-ல் அவர்கள் நாடாளுமன்றத்தில் ரிச்சர்ட் இக்கார்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு விசாரித்து, ராணுவத்தின் மேலிடத்தைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. அதன்பின் அறைக்குக் குரோமியம் வந்தது, பிரஷ்ஷும் தண்டும் எண்ணெயும் ஒழுங்காக வந்தன. படக்கதை எழுதிப் புகழ்பெற்ற வில் ஐஸ்னரைக் கொண்டு, துப்பாக்கி துடைப்பதைப் படம் படமாக விளக்கும் ஒரு சின்னப் புத்தகமும் போட்டுக் கொடுத்தார்கள். தடித்த கையேட்டைப் படிக்காத பையன்கள் அந்தப் படக்கதையைப் படித்தார்களாம். ஒரு பிரஷ்ஷின் விலை என்ன இருக்கும்? அதற்காக எத்தனை தாய்மார் அழுதார்கள் என்று அப்போது சார்ஜண்ட் கேட்டபோது கொட்டகையில் சத்தமே இல்லை.

ஆகவே அம்மா, உங்கள் பையனுக்கு அரை நாள் போகிறது என்றால் போகட்டும்.

இனி, எதை வைத்துத் துடைப்பது, எப்படித் துடைப்பது என்பது.

முதலில், துப்பாக்கி காலியா என்று பார்ப்பது. இதில் வரிசை முக்கியம், அதனால் நிறுத்திச் சொல்கிறேன். தோட்டாப் பெட்டியை முதலில் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் கைப்பிடியை இழுத்து உள்ளிருக்கும் தோட்டாவை வெளியேற்ற வேண்டும். வரிசையை மாற்றி, பெட்டி இருக்கும்போதே இழுத்தால், ஒன்று வெளியே வரும், பெட்டியிலிருந்து இன்னொன்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு பெட்டியைக் கழற்றிவிட்டு "காலி" என்று நினைத்துக்கொண்டிருப்பான். காலித் துப்பாக்கி என்று எண்ணிச் சுட்டுக்கொண்ட கதைகளில் பாதி இதுதான். இழுத்துத் திறந்தபின் கண்ணால் பார்க்க வேண்டும், இருட்டாக இருந்தால் சுண்டு விரலைவிட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். துடைக்கிற மேசைமேல் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

சாமான்களில் தலையாயது தண்டு. கயிறும் உண்டு, ஒரு முனையில் கனமான குண்டு, மறுமுனையில் துணி மாட்டும் கண்ணி. எங்களுக்குக் கயிறுதான் கொடுத்தார்கள். குழலின் பின்பக்கமாகக் குண்டை விட்டு, முன்பக்கமாகப் பிடித்து, ஒரே இழுப்பில் நேராக இழுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் கயிறு குழல் வாயின் விளிம்பில் உரசும். நூல் கயிறுதானே என்று அலட்சியம் வேண்டாம், கிணற்றுக் கல்லில் கயிற்றுத் தடம் விழுவதில்லையா? அந்த விளிம்புதான் குண்டு கடைசியாகத் தொட்டுப் போகிற இடம். அது ஒரு பக்கம் தேய்ந்தால் குண்டு ஒரு பக்கம் போகும். தண்டாக இருந்தாலும் பின்பக்கத்திலிருந்து விடுவதே முறை. தண்டு பித்தளையிலோ, மேலே பூச்சுப் போட்ட எஃகிலோ இருந்தால் நல்லது. துண்டு துண்டாகத் திருகிச் சேர்க்கும் தண்டு பைக்குள் வைக்க வசதி, ஆனால் பொருத்துகள் உள்ளே உரசும். கேம்ப்பில் ஒரே நீளத் தண்டு இருந்தால் அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பிரஷ் வெண்கலக் கம்பியில் இருக்க வேண்டும். வெண்கலம் எஃகைவிட மென்மை, கரியைச் சுரண்டும், குழலைச் சுரண்டாது. குழலுக்கு ஒன்று, தோட்டா உட்காரும் அறைக்குத் தடிமனான இன்னொன்று. வியட்நாமில் கதை கெட்டது அந்த அறையில்தான், ஆனால் பையன்கள் அவசரத்தில் விட்டுவிடுவதும் அதைத்தான். குழலுக்குள் விட்ட பிரஷ்ஷைப் பாதியில் திருப்பி இழுக்கக் கூடாது. மறுமுனையில் முழுவதும் வெளியே வந்தபின்தான் திரும்ப வேண்டும். இவை போக ஒரு பழைய பல் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி கொஞ்சம். இயந்திரத்தின் சந்து பொந்துகளுக்கு இதைவிடச் சிறந்த ஆயுதத்தை எந்த நாட்டு ராணுவமும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்து, கரியைக் கரைக்கும் மருந்து. அதற்கென்றே விற்கும் கரைப்பான்கள் உண்டு. அமெரிக்காவில் ஹாப்பேஸ் நம்பர் 9 என்பது 1903-லிருந்து வருகிறது. வாழைப்பழ வாசனை அடிக்கும். கரைத்து, எண்ணெயும் இட்டு, துருவும் பிடிக்காமல் காக்கும் மூன்று வேலை எண்ணெயும் வந்துவிட்டது. படையில் பெரும்பாலும் அதைத்தான் கொடுப்பார்கள். கொடுத்ததை உபயோகித்தால் போதும். அது தீர்ந்து போனால் மண்ணெண்ணெய் கரியை எடுக்கும், ஆனால் இரும்பை வெறுமையாக விட்டுவிடும். உடனே துடைத்து எண்ணெய் போடாவிட்டால் மறுநாள் துரு. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் ஒருவன் சிகரெட் பற்ற வைத்தால் போதும்.

துணியை நனைத்துக் குழலில் விட்டு, பத்து நிமிஷம் ஊறவிட்டு, பிரஷ் போட்டு, பிறகு உலர்ந்த துணியாக விட்டுக்கொண்டே வர வேண்டும். இங்கேதான் வெள்ளைத் துணி எதற்கு என்ற கேள்விக்குப் பதில். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போல, துப்பாக்கிக்காரன் துணியைப் பார்க்கிறான். கறுப்பாக வந்தால் மருந்துக் கரி. அது நாலைந்து துணியில் குறைந்துவிடும். சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் ஈயம். பச்சையோ நீலமோ தெரிந்தால் குண்டின் மேலுறையிலிருந்து உரசி ஒட்டிய செம்பு. செங்காவியாக வந்தால் துரு, அன்றைக்கே கவனிக்க வேண்டும். வெள்ளைத் துணியில்லாமல் இந்த நோயெல்லாம் தெரியாது. பூப்போட்ட பழைய சேலைத் துணி கொடுத்தனுப்பினால் பையன் சார்ஜண்டிடம் திட்டு வாங்குவான்.

செம்புக்கென்று அமோனியா கலந்த மருந்து உண்டு. மூக்கைப் பிடுங்கும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அது வெண்கலப் பிரஷ்ஷையே கரைத்துப் பச்சை வண்ணம் காட்டும், பிறகு குழலில்தான் செம்பு இருக்கிறது என்று நினைத்து நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பான். செம்பு கொஞ்சம் இருந்தால் ராணுவத் துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதைத் துளித்துளியாக எடுப்பது போட்டியில் சுடுகிறவர்களின் கவலை.

இனித் தேங்காய் எண்ணெய்.

அரிவாளுக்கு அது போதும் அம்மா, மறுநாள் காலை வேலையில் தேய்ந்து போகும், மாலையில் திரும்பத் தடவுவீர்கள். துப்பாக்கி அப்படியல்ல. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் காறிப்போகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? காறிய எண்ணெயில் புளிப்பு இருக்கிறது. அது பித்தளையையும் செம்பையும் பச்சை பிடிக்க வைக்கும். சூட்டில் பிசுபிசுப்பாகி, கரியையும் தூசியையும் சேர்த்துப் பிடித்து, மங்கின் அடியில் ஒட்டுப்பால் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். துப்பாக்கி எண்ணெய் மண்ணிலிருந்து எடுத்த எண்ணெய் வகை, அல்லது தொழிற்சாலையில் செய்தது. அது காறாது. அவசரத்துக்குப் புது மோட்டார் எண்ணெய் ஒரு சொட்டு பரவாயில்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த பழைய எண்ணெய் ஆகாது, அதில் புளிப்பும் உலோகப் பொடியும் இருக்கிறது.

இரும்புச் சாமான் கடையில் நீல டின்னில் விற்கும் டபிள்யூ.டி.-40 பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அடிக்கிறார்கள். அது தண்ணீரை விரட்டுவதற்காகச் செய்தது. மழையில் நனைந்த துப்பாக்கியைக் கழற்றி ஈரத்தை விரட்ட அது உதவும். ஆனால் அது உராய்வுக்கு நிற்கிற எண்ணெய் அல்ல; சீக்கிரம் மெலிந்துவிடும். விரட்டியபின் துடைத்து, உரிய எண்ணெய் போட வேண்டும். தோட்டாவின்மேல் மட்டும் அதை அடிக்கவே கூடாது. ஊடுருவும் எண்ணெய் அடி மூடிக்குள் கசிந்து போனால், தேவைப்படும் நேரத்தில் தோட்டா வெடிக்காது.

எண்ணெயை எங்கே போடுவது, எங்கே போடாமலிருப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. இயந்திரம் ஓடுகிற, உரசுகிற இடங்களில் வேண்டும். எம்-4 வகையில் உள் இயந்திரத்துக்கு நன்றாகவே வேண்டும். வறண்டு போனால்தான் கரி இறுகும். குழலுக்குள் வைக்கும்போது மெல்லிய பூச்சு, சுடுவதற்கு முன் துடைத்து உலர்த்திவிட வேண்டும். தோட்டா அறையும் உலர்ந்தே இருக்க வேண்டும். தோட்டாப் பெட்டிக்குள் எண்ணெய் கூடாது. எஸ்.எல்.ஆரில் புகை தள்ளுகிற தண்டையும் அதன் அடைப்பையும் வறட்சியாக விடச் சொல்வார்கள், ஏனென்றால் அங்கே எண்ணெய் வெந்து கரியாகும். எங்கள் பிரிவில் ஒருவன் பாசத்தில் அங்கே நிறைய எண்ணெய் ஊற்றி, அடுத்த நாள் சுட்டபின் அடைப்பைக் கழற்ற முடியாமல் சுத்தியல் தேடினான். அவன் நான்தான்.

இன்னொரு தவறு, அளவுக்கு மீறித் துடைப்பது. பரிசோதனைக்கு முந்தின இரவு பையன்கள் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு உட்கார்வார்கள். கரி போகும், அதோடு துரு பிடிக்காமல் காக்கிற கறுப்புப் பூச்சும் போகும். பளபளவென்று வெள்ளையாகத் தெரியும், பார்ப்பவருக்கு அழகாக இருக்கும், ஒரு வாரத்தில் துரு ஏறும். இப்போதைய குழல்களுக்குக் குரோமியப் பூச்சு உண்டு, அந்தக் காலம் போல உயிரைக் கொடுத்துத் தேய்க்க அவசியமே இல்லை. மழைக்குக் குழல் வாயில் துணியை அடைத்துவைக்கிற பழக்கமும் கெட்டது. துணி ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். மறந்து சுட்டால் குழலே பிளக்கும்.

கடிதத்தில் அந்தத் தாயார் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் இரண்டு நாள் யோசித்தேன். பையன் லீவில் வந்ததும் அக்காள் குழந்தையை இடுப்பைவிட்டு இறக்கவில்லையாம், அவன் கையாலேயே சோறு ஊட்டினானாம். அம்மா, அந்த விரல் இடுக்குக் கறுப்பு வெறும் கரியல்ல. தோட்டாவின் அடி மூடி மருந்தில் ஈயம் இருக்கிறது, பல குண்டுகளுக்குள்ளும் இருக்கிறது. சுடும்போதும் துடைக்கும்போதும் அந்தத் தூள் கையிலும் சட்டையிலும் ஒட்டும். பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகளுக்கு ஈயம் பொல்லாதது. மூளை வளர்ச்சியைத் தொடும். துடைக்கும்போது தின்னக் கூடாது, சிகரெட் பிடிக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லுங்கள். முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டு, நக இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். மெல்லிய ரப்பர் கையுறை கிடைத்தால் இன்னும் நல்லது. சுடும் இடத்திலிருந்து வந்த சட்டையை வீட்டில் மற்ற துணியோடு ஊறவைக்க வேண்டாம், குழந்தைத் துணியோடு கூடவே கூடாது. துடைத்த துணியை ஒருபோதும் அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள்.

இனி வேட்டி. அதைக் கிழிக்க வேண்டாம். பல வருஷம் துவைத்த வேட்டி மெல்லியதாகி நூல் பிரியும், அறுந்து குழலுக்குள் சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. துணிக்கடையில் ஃபிளானல் என்று கேட்டால், கைக்குழந்தைக்குச் சட்டை தைக்கிற அந்தப் பூப்போல மெத்தென்ற துணி, வெள்ளையில் கஜக் கணக்கில் கிடைக்கும். எங்கள் பழைய துப்பாக்கிக்கு அதை நாலு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம் என்று வெட்டிக் கொடுப்பார்கள். எம்-4 குழல் அதைவிடச் சிறியது. ஓர் அங்குலச் சதுரம், சற்றுக் கூடுதலாக இருந்தால் சரியாக இருக்கும். பையனுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், அது பாலியஸ்டர் கலந்தது, எண்ணெயை உறிஞ்சாது. அவனுடைய பழைய பருத்திப் பனியன்கள் இருந்தால் ஃபிளானல்கூட வாங்க வேண்டியதில்லை. நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து, இருநூறு துண்டு வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடி இறுக்கி அனுப்புங்கள். கூட ஒரு பல் பிரஷ்ஷும் போடுங்கள். வேட்டி இரண்டும் பெட்டியிலேயே இருக்கட்டும்.